38.82 டிகிரி காபி!

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள் அக்கா போன் பண்ணினாள்.

"டேய், ஞாயித்துக்கிழமை கெளம்பி வா. இவ ஃபர்ஸ்ட் குரூப்புதான் எடுப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. நீதான் வந்து எடுத்துச் சொல்லணும்."

"நான் என்னத்தச் சொல்ல?"

"கணக்கு எடுத்தா என்ன ஆகும்னு சொல்லு. நீ வாயத் தொறந்து சொல்லக்கூட வேணாம். வந்து எதுத்தாப்புல உக்காந்தாலே போதும்."

சினிமா தியேட்டரில் படம் போடுவதற்கு முன்னால் 'புகை பிடிக்காதீர்கள்' என்று ஒருவரைக் காட்டுவார்களே... எங்கள் குடும்பத்தில் அந்த வேலையைப் பார்ப்பது நான்தான். சித்தப்பா பையன், பெரியம்மா பேரன் என்று யார் பத்தாவது முடித்தாலும் எனக்கு அழைப்பு வந்துவிடும். போய் உட்கார்ந்து, காபி குடித்து, பஸ் சார்ஜ் வாங்கிக்கொண்டு வருவேன். இதுவரை நாலு பேரை காமர்ஸ் பக்கம் கரையேற்றியிருக்கிறேன்.

என் சாதனை என்ன என்று கேட்கிறீர்களா? 2008 மார்ச், ப்ளஸ் டூ கணக்கு, இருநூறுக்கு தொண்ணூற்றி ஒன்று. எழுபது எடுத்தால் பாஸ். ஆகவே பாஸ்தான், சந்தேகம் வேண்டாம். ஆனால் நுழைவுத் தேர்வை எடுத்துவிட்ட புதுசு அது. இன்ஜினீயரிங்குக்கு கணக்கு மார்க்கில் பாதி, பிஸிக்ஸில் கால், கெமிஸ்ட்ரியில் கால் என்று கூட்டி இருநூறுக்குக் கட்-ஆஃப் போடுவார்கள். எனக்கு வந்தது நூற்று நாலரை. எங்கள் தெருவில் அந்த வருஷம் அந்த 'அரை'யைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் கிடையாது.

அந்தக் கட்-ஆஃபுக்கும் ஸீட் தரக் கல்லூரிகள் தயாராகத்தான் இருந்தன. அவர்கள் கேட்ட ஃபீஸைத் தர அப்பாதான் தயாராக இல்லை. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட் பக்கத்தில் டீக்கடை. ராத்திரி மூணு மணிக்கு அடுப்பு மூட்டினால், லோடு ஏற்ற வருகிறவர்கள், கமிஷன் கடைக்காரர்கள் என்று காலை பத்து மணி வரை கை ஓயாது. அந்த வருமானத்தில் அக்கா கல்யாணக் கடன் போய்க்கொண்டிருந்தது. நான் பி.காம். சேர்ந்தேன்.

நம்ம தாத்தாக்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பதினொன்றாவதோடு எஸ்.எஸ்.எல்.சி., அப்புறம் காலேஜுக்குப் போகிறவர்கள் பி.யு.சி. 1978-ல் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ வந்ததிலிருந்துதான் பதினைந்து வயசுப் பிள்ளையைப் பிடித்து, 'ஃபர்ஸ்ட் குரூப்பா, தேர்ட் குரூப்பா, உடனே சொல்லு' என்று கேட்கிற வழக்கம் வந்தது. அந்த வயசில் எனக்கு பரோட்டாவா தோசையா என்றே முடிவு பண்ணத் தெரியாது.

அப்போது கணக்குப் புத்தகம் இரண்டு தொகுதி. அணிகள், வெக்டர், கலப்பெண், பகுமுறை வடிவியல் என்று ஒன்று. வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடு, நிகழ்தகவு என்று இன்னொன்று. கேள்வித்தாளில் ஒரு மார்க் நாற்பது, ஆறு மார்க் பத்து, பத்து மார்க் பத்து. ஆக இருநூறு. எந்தப் பாடத்தில் எத்தனை கேள்வி என்பதற்கு ப்ளூபிரிண்ட் உண்டு. ப்ளூபிரிண்டை யார் ஒழுங்காகப் படித்தார்களோ, அவர்கள் கணக்கைப் படிக்கத் தேவையில்லை.

நான் ட்யூஷன் போன இடம் அப்படி. காலை நாலரை மணிக்கு ஒரு வீட்டுத் திண்ணையில் நாற்பது பேர். வெளியே நாற்பது சைக்கிள். ஒண்ணு சாய்ந்தால் நாற்பதும் சாயும். (அதில் ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் போகும். எங்களுக்குப் பிடித்த பத்து நிமிஷம் அதுதான்.) சார் நல்லவர்தான். ஆனால் எவனாவது "ஏன் சார்?" என்று கேட்டுவிட்டால் மட்டும் முகம் சுருங்கிவிடும்.

"ஏன்கிறத காலேஜ்ல கேட்டுக்கலாம். இப்ப எழுது" என்பார்.

எழுதினோம். கோளத்துக்குள் வைக்கக்கூடிய பெரிய கூம்பின் கன அளவு கோளத்தில் இருபத்தேழில் எட்டு பங்கு. இதை நான் தூக்கத்தில்கூடச் சொல்வேன். ஏன் இருபத்தேழு, ஏன் எட்டு என்று கேட்டால் முழிப்பேன். ஒரு மார்க் கேள்விகளுக்கு இன்னும் மோசம். விடையைக்கூட மனப்பாடம் செய்யவில்லை. 'மூணாவது கணக்கு - இரண்டாவது ஆப்ஷன்' என்று திருக்குறள் மாதிரி வரிசையாக ஒப்பிப்போம்.

காபி கணக்கு அங்கேதான் வந்தது. வகைக்கெழுச் சமன்பாடு பாடத்தில் வரும். பழைய ப்ளஸ் டூ ஆசாமிகளுக்குக் கட்டாயம் ஞாபகம் இருக்கும். நூறு டிகிரி சூட்டில் ஒரு காபி. அதை பதினைந்து டிகிரி இருக்கிற அறையில் வைக்கிறார்கள். அஞ்சு நிமிஷத்தில் அறுபது டிகிரி ஆகிவிடுகிறது. இன்னும் அஞ்சு நிமிஷம் கழித்து எவ்வளவு சூடு இருக்கும்? விடை 38.82 டிகிரி. பத்து மார்க்.

ஒரு நாள் சாயங்காலம் கடை பெஞ்சில் உட்கார்ந்து இதை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அப்பா பாய்லரைக் கழுவிக்கொண்டிருந்தவர், "என்னடா காபி காபிங்கற?" என்றார். படித்துக் காட்டினேன்.

"பதினஞ்சு டிகிரின்னா?"

"கொடைக்கானல் மாதிரிப்பா."

"சரி. எந்த டம்ளர்ல?"

"டம்ளர் எல்லாம் கணக்குல இல்லப்பா."

"அதெப்படி இல்லாம இருக்கும்? எவர்சில்வரா, கண்ணாடியா? மூடி வெச்சாங்களா, தொறந்து வெச்சாங்களா? ஃபேன் ஓடுச்சா?"

"அப்பா... படிக்க விடுங்க."

அவர் விடவில்லை. துணியைப் பிழிந்துகொண்டே யோசித்தார். "மொத அஞ்சு நிமிசத்துல நாப்பது எறங்கிருச்சு. அதனால அடுத்த அஞ்சுல இன்னொரு நாப்பது எறங்கி இருபதாயிரும்னு சொல்லச் சொல்றானா? ஆகாது. சூடா இருக்கையில சரசரன்னு எறங்கும். அப்புறம் போகப் போக சோம்பேறியாயிரும். நாப்பதுக்குக் கிட்டத்தான் நிக்கும்" என்றார்.

அஞ்சாம் கிளாஸ் வரை படித்தவர். நோட்டைத் திருப்பி விடையைப் பார்த்தேன். 38.82. 'ஏதோ குத்துமதிப்பா அடிச்சுட்டாரு' என்று நினைத்துக்கொண்டு நான் மறுபடியும் மனப்பாடத்தில் இறங்கிவிட்டேன். அவர் சொன்னதுதான் சார் அந்த விதியே! 1701-ல் நியூட்டன் பேர் போடாமல் லத்தீனில் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்த விதி. பொருளுக்கும் சுற்றுப்புறத்துக்கும் எவ்வளவு வித்தியாசமோ, அதற்குத் தகுந்த வேகத்தில் சூடு இறங்கும். வித்தியாசம் குறையக் குறைய வேகமும் குறையும். நியூட்டனுக்கு ஆறாத விஷயம் எங்கப்பாவுக்கு ஆறிப்போன விஷயம்.

அரையாண்டுத் தேர்வு வந்தது. கேள்வித்தாளில் காபி கணக்கு! எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. முதல் ஆளாக அதைத்தான் எழுதினேன். இரண்டு பக்கம், கோடு போட்டு, கட்டம் கட்டி... விடை 38.82 டிகிரி.

பேப்பர் வந்தது. பத்துக்கு ஒன்று.

எங்கள் ஸ்கூல் வாத்தியார் எண்களை மாற்றியிருக்கிறார்! காபி தொண்ணூறு டிகிரி, அறை முப்பது டிகிரி, அஞ்சு நிமிஷத்தில் அறுபது. நான் கவனிக்கவே இல்லை. காபி மாறியது, அறை மாறியது, கொடைக்கானல் போய் ஒட்டன்சத்திரமே வந்துவிட்டது. என் காபி மட்டும் 38.82-ஐ விட்டு அசையவில்லை. வாத்தியார் பேப்பரை உயர்த்திக் காட்டி, "இவன் வீட்டு ஃப்ளாஸ்க் எங்க கெடைக்கும்னு கேட்டுச் சொல்லுங்கடா" என்றார். கிளாஸ் முழுக்கச் சிரித்தது. அந்த வருஷம் முழுக்க என் பேர் 'ஃப்ளாஸ்க்'.

இதில் கொடுமை என்னவென்றால், அவர் எண்ணை மாற்றியதே எங்களுக்கு உதவி பண்ணத்தான். வித்தியாசம் அறுபது இருந்தது, அஞ்சு நிமிஷத்தில் முப்பது ஆகிவிட்டது. அதாவது பாதி. அடுத்த அஞ்சில் அந்த முப்பதிலும் பாதி, பதினைந்து. அறையின் முப்பதோடு கூட்டினால் நாற்பத்தஞ்சு டிகிரி. லாக் டேபிளே வேண்டாம். புத்தகக் கணக்கும் இதேதான். எண்பத்தஞ்சு வித்தியாசம் நாற்பத்தஞ்சாகக் குறைகிறது. அதே விகிதத்தில் அந்த நாற்பத்தஞ்சு 23.82 ஆகிறது. பதினைந்தைக் கூட்டு, 38.82. இரண்டு வரி. இந்த இரண்டு வரி எனக்குத் தெரிய எட்டு வருஷம் ஆனது.

ஒரு ஆடிட்டர் ஆபீஸில் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கம்பெனிக்கு தேய்மானம் போடுகிறேன். குறைந்து செல் மதிப்பு முறை, பதினைந்து சதவீதம். ஒரு லட்ச ரூபாய் மெஷின் முதல் வருஷம் எண்பத்தையாயிரம். அடுத்த வருஷம் அந்த எண்பத்தையாயிரத்துக்குத்தான் பதினைந்து சதவீதம். ஆக 72,250. அதற்கடுத்த வருஷம் 61,412 ரூபாய் ஐம்பது காசு. முதலில் சரசரவென்று இறங்குகிறது, போகப் போக சோம்பேறி ஆகிறது...

கால்குலேட்டரை அப்படியே வைத்துவிட்டேன். அடப்பாவி, காபி!

காமர்ஸுக்குப் போனால் கணக்கிலிருந்து தப்பிக்கலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தேர்ட் குரூப்பில் வணிகக் கணிதம் என்று ஒன்று காத்திருக்கும். அதிலும் அணிகள் உண்டு, தொகையீடு உண்டு. நுகர்வோர் உபரி என்று பேர் மாற்றி வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். முன்வாசல் வழியாக ஓடி வந்து பின்வாசலில் அதே ஆளிடம் மாட்டுவது மாதிரி.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அக்கா வீட்டில் போய் 'எதுத்தாப்புல' உட்கார்ந்தேன். அக்கா பொண்ணு பயப்படுகிற மாதிரி தெரியவில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் ப்ளஸ் டூ கணக்குப் புத்தகமே கடன் வாங்கி வைத்திருந்தாள். 2019-ல் வந்த புதுப் புத்தகம். இப்போது ப்ளூபிரிண்ட் கிடையாது, கணக்குக்கு நூறு மார்க், அதில் பத்து அகமதிப்பீடு. புத்தகத்துக்குள்ளே இல்லாத கேள்வியும் வரும். எங்கள் ட்யூஷன் சார் இப்போது என்ன செய்கிறாரோ!

"மாமா, உங்க காபி கணக்கு இதுல இருக்கா?" என்றாள். என் புகழ் அடுத்த தலைமுறைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

புரட்டினேன். காபி இருந்தது. காலத்துக்குத் தகுந்தபடி முன்னேறியிருந்தது. ஒரு பெண்மணி காலை பத்து மணிக்கு மைக்ரோவேவ் அவனிலிருந்து இன்ஸ்டன்ட் காபியை எடுத்து சமையல் மேடையில் வைக்கிறார். சூடு ஃபாரன்ஹீட்டில் 180. பத்து நிமிஷத்தில் 160. அறை 70. அம்மணிக்கு காபி 130-லிருந்து 140-க்குள் இருந்தால்தான் பிடிக்குமாம். எப்போது குடிக்கலாம்? (ஏறக்குறைய 10.22-லிருந்து 10.30 வரை. எட்டு நிமிஷம் கெடு. தவறினால் மறுபடி மைக்ரோவேவ்.)

அதே பாடத்தில் இன்னொரு கணக்கு. ஒரு துப்பறிவாளர் இரவு எட்டு மணிக்கு ஒரு உடலைக் கண்டெடுக்கிறார். உடலின் சூட்டை அளக்கிறார். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி அளக்கிறார். இறந்தது எப்போது? எங்கள் காலத்துப் புத்தகத்தில் இதையே ஒரு டாக்டர் செய்தார். காலை பத்து மணிக்கு 93.4, பன்னிரண்டு மணிக்கு 91.4, அறை 72. உயிர் போனது காலை அஞ்சரை மணி சுமாருக்கு. திண்ணையில் இதை நடத்தும்போது ஒருத்தன், "சார், ரூம்ல ஏ.சி. போட்டிருந்தா?" என்று கேட்டு வெளியே நின்றான்.

அந்தப் பக்கத்தை மட்டும் நான் சீக்கிரம் திருப்பிவிட்டேன்.

2019-ல் ஒரு நாள். மூணு மணிக்கு அடுப்பு மூட்டுகிற மனுஷன் எழுந்திருக்கவில்லை. அம்மா நாலு மணிக்குத்தான் பார்த்திருக்கிறாள். நான் மதுரையிலிருந்து போய்ச் சேரும்போது ஏழரை. டாக்டர் வந்து சர்டிபிகேட் எழுத உட்கார்ந்தார். "எப்ப ஆச்சு?" என்றார். யாருக்கும் தெரியவில்லை. அம்மா என்னைப் பார்த்தாள். நான் அப்பாவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். அந்த நேரத்தில் போய், வேண்டாம் வேண்டாம் என்றாலும், தலைக்குள் அந்த டாக்டர் கணக்கு ஓடுகிறது சார். 98.6, அறை என்ன, வித்தியாசம் என்ன... டாக்டர் தானாகவே ஏதோ ஒரு நேரம் எழுதிக்கொண்டார். நான் கையை எடுக்கவில்லை.

"மாமா, இந்த 'கே'ன்னா என்ன?" என்றாள் அக்கா பொண்ணு. விதியில் வரும் எழுத்தின் மேல் விரலை வைத்திருந்தாள்.

"மாறிலி."

"அப்படின்னா?"

"மாறாதது."

"அது தெரியுது. எது மாறாதது?"

பதினைந்து வயசு. நாற்பது பேர் திண்ணையில் கேட்காத கேள்வியை வீட்டு நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு கேட்கிறது. நான் வழக்கம்போல முழித்தேன். சமையல்கட்டிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, காபி ஆறுற கணக்கா? உங்க தாத்தா கடையில அடி கனமா கண்ணாடி டம்ளர்தான் வெச்சிருப்பாரு. எவர்சில்வர்னா சீக்கிரம் ஆறிடுது, குடிச்சுட்டு சீக்கிரம் எந்திரிச்சுப் போயிருவான்... ஒக்காந்து ரெண்டு வடையும் சேத்துத் தின்னமாட்டான்னு சொல்லுவாரு."

எனக்குச் சுரீர் என்றது. 'எந்த டம்ளர்ல?' என்று அந்த மனுஷன் கேட்டது இதைத்தானே! கணக்கில் டம்ளர் இல்லையென்று யார் சொன்னது? கண்ணாடியா எவர்சில்வரா, வாய் அகலமா குறுகலா, மூடியா திறந்தா, காற்று வீசுகிறதா... எல்லாம் சேர்ந்துதான் அந்த ஒரு எழுத்து. முதல் அஞ்சு நிமிஷத்தில் எவ்வளவு இறங்கியது என்று அளந்துவிட்டால் டம்ளர் பிடிபட்டுவிடும். அதே டம்ளர், அதே இடம் என்றால் அடுத்த அஞ்சு நிமிஷத்தைச் சொல்லிவிடலாம். டம்ளர் மாறினால் விடை மாறும்.

சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் புத்தகத்தையே பார்த்தாள். பிறகு, "அப்ப ஆத்தினா?" என்றாள்.

"ஆத்தினா கே ஏறும்."

"எவ்ளோ ஏறும்?"

"அளந்தாத்தான் தெரியும்."

நான் சொன்ன அந்தக் கடைசி வாக்கியம்தான் வினை. மச்சான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், அக்கா தோசைக்கல்லில் இருந்தாள். உள்ளே போனவள் ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு கண்ணாடி டம்ளர், இரண்டிலும் ஆவி பறக்க காபி, கையில் காய்ச்சல் பார்க்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர் சகிதம் வந்தாள். நான் "ஏய்... ஏய்..." என்பதற்குள் முக்கிவிட்டாள். தெர்மாமீட்டர் பாவம், நாற்பத்திரண்டு டிகிரிக்கு மேல் பார்த்தே இராத ஜென்மம். 'ஹெச்' என்று ஒரு எழுத்து காட்டியது. அப்புறம் அதுவும் இல்லை.

"அடியே! போன மாசம்தாண்டி வாங்கினேன்!" என்று கரண்டியோடு வந்தாள் அக்கா. "இவனை வரச் சொன்னதே தப்பு. எடுக்காதன்னு சொல்லச் சொன்னா, வீட்டுக்குள்ளயே லேபு போட்டுக் குடுத்துட்டு ஒக்காந்திருக்கான்!"

"ஸ்கூல் லேப்ல நூத்திப்பத்து வரைக்கும் அளக்கிற தெர்மாமீட்டர் இருக்கும்மா" என்றாள் அவள். "ஃபர்ஸ்ட் குரூப்புக்குத்தான் தருவாங்க."

மச்சான் பேப்பரை மடித்து வைத்தார். "என்ன மாப்ள, எடுக்கலாங்கறீங்களா?" என்றார்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எடுக்கட்டும் மச்சான்" என்றேன். "ஆனா ட்யூஷன்ல சேக்கறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிடுங்க. திண்ணையை நான் வந்து பாக்கணும். அப்புறம் வாரத்துக்கு ஒரு கணக்கு, எண்ணை மாத்தி நான் போன்ல அனுப்புவேன். பழைய விடையே வந்துச்சுன்னா அன்னிக்கே தேர்ட் குரூப்பு."

மச்சான் அப்ளிகேஷனை எடுத்துக்கொண்டு பேனா தேடினார். அக்கா ஒன்றும் பேசாமல் அந்த இரண்டு காபியையும் எடுத்து, ஒன்றை அவருக்கும் ஒன்றை எனக்கும் வைத்தாள். எனக்கு எவர்சில்வர்.

பஸ் சார்ஜ் இந்தத் தடவை வரவில்லை. தெர்மாமீட்டருக்கென்று என்னிடம் இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டுதான் வாசல் வரை வந்தாள்.